புராணம் என்ற சொல் பட்ட பாடு

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் தம் இளமைக்காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். அவர் விடைபெற்றுச் சென்றதும், "சுயபுராணம் ஒருவழியாக முடிந்ததா?" என்று கேட்கிறார்கள். அவர் பொய் சொன்னார் என்பது அதற்குப் பொருள் அல்ல. பழசைப் பேசினார், நீளமாகப் பேசினார், தம்மைப் பற்றியே பேசினார் என்பதுதான் பொருள்.

அதே வீட்டில், "சூரபத்மன் உண்மையாகவே மாமரமாக மாறி நின்றானா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அதெல்லாம் புராணம்" என்று பதில் வருகிறது. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு முகம். நடக்காதது, இட்டுக்கட்டியது, மேற்கொண்டு கேள்வி கேட்கத் தேவையில்லாதது என்று அது பொருள்படுகிறது.

இன்னொரு வீட்டில் அதே கேள்விக்கு, "புராணத்திலேயே இருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று பதில் வரலாம். ஒரே சொல் ஓரிடத்தில் பொய் என்று முத்திரை குத்துகிறது. மற்றோரிடத்தில் மெய் என்று சான்று தருகிறது. பட்டிமன்ற மேடைகளில் பாதி நேரம் இந்தக் குழப்பத்திலேயே கழிந்துவிடுகிறது. இரண்டு தரப்பும் ஒரே சொல்லைச் சொல்கின்றன, ஆனால் ஒரே பொருளைப் பேசவில்லை. இந்தச் சொல் எங்கிருந்து புறப்பட்டு எந்தெந்த ஊர் வழியாக இங்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தெளியும்.

பழையது என்பதே முதற்பொருள்

வடமொழியில் 'புராண' என்பது முதலில் ஒரு நூலின் பெயரே அல்ல. அது ஓர் அடைமொழி. பழைய, பண்டைய என்பது அதன் பொருள். இருக்கு வேதத்தில் அந்தப் பொருளில்தான் வருகிறது. வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய யாஸ்கர் இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான பிரிப்பு சொல்கிறார்: முன்னொரு காலத்தில் புதிதாக இருந்ததுதான் புராணம். இலக்கணப்படி அது சரியோ இல்லையோ, சொல்லின் இயல்பை அது நன்றாகப் பிடித்துவிட்டது. மனு நூலில் ஒரு வெள்ளிக் காசுக்கும் 'புராணம்' என்றே பெயர். காசில் கற்பனைக் கதை ஏது?

பிறகு பழைய செய்திகளின் தொகுதிக்கு அது பெயராயிற்று. சாந்தோக்கிய உபநிடதத்தில், தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லும் நாரதர், இதிகாச புராணத்தை ஐந்தாம் வேதம் என்று சேர்த்துக்கொள்கிறார். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இளவரசனுக்கு ஒரு நாள் அட்டவணை தருகிறது. முற்பகலில் யானை, குதிரை, தேர், ஆயுதப் பயிற்சி. பிற்பகலில் இதிகாசம் கேட்க வேண்டும். இதிகாசம் என்பதில் என்னென்ன அடங்கும் என்று சொல்லும்போது புராணம், நடந்த நிகழ்ச்சி, கதை, எடுத்துக்காட்டு, அறநூல், பொருள்நூல் என அடுக்குகிறார். நாளை நாட்டை ஆளப்போகிறவனுக்குப் பாடமாக வைத்தது இது. கௌடில்யர் பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்குகிற ஆசிரியர் அல்லர் என்பதை அர்த்தசாத்திரத்தைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

அமரகோசம் என்னும் நிகண்டு புராணத்துக்கு ஐந்து இலக்கணம் உண்டு என்கிறது. உலகத் தோற்றம், அழிந்த பின் மறுபடி தோன்றுதல், தேவர் முனிவர் கொடிவழி, மனுக்களின் கால அளவு, அரச மரபுகளின் வரலாறு ஆகியவையே அவை. முதல் இரண்டை இன்றைக்கு யாரும் வரலாறு என்று சொல்லமாட்டார்கள். கடைசியானதோ வரலாறே. ஆக, சொல் பிறந்த இடத்திலேயே இரண்டும் ஒரே பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தன. நம் கைக்கு வந்துள்ள பதினெண் புராணங்களில் பல இந்த ஐந்துக்கு முழுதும் கட்டுப்படவில்லை. விஷ்ணு புராணத்தை 1840இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்சன் அதை அப்போதே சுட்டிக்காட்டினார். விரதம், தானம், தீர்த்த மகிமை என்று பிற்காலத்தார் சேர்த்தவை ஏராளம்.

எதிர்காலத்தில் ஆண்ட அரசர்கள்

இந்தப் பெட்டியில் அரசர் பட்டியல் வைக்கப்பட்டிருக்கும் விதம் சுவையானது. புராணங்களைச் சொன்னவர் வியாசர் என்பது மரபு. அவர் கலியுகத் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அப்படியானால் அவருக்குப் பின் வந்த மௌரியரையும் குப்தரையும் அவர் எப்படிச் சொல்ல முடியும்? தொகுத்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லா அரசர்களையும் எதிர்காலத்தில் பாடிவிட்டார்கள். இவன் இத்தனை ஆண்டு ஆள்வான், அவன் மகன் இத்தனை ஆண்டு ஆள்வான் என்று தீர்க்கதரிசனம் போலப் பட்டியல் ஓடுகிறது. குப்தர் ஆட்சியின் தொடக்கத்தோடு அது நின்றுவிடுகிறது. தீர்க்கதரிசனம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தொகுத்தவரின் காலம் இருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பார்கிட்டர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு இந்தப் பட்டியல்களை 1913இல் தனி நூலாக வெளியிட்டார்.

அந்தப் பட்டியலில் மௌரிய மரபில் ஒரு பெயர்: அசோகன், 36 ஆண்டு. அவ்வளவுதான். கலிங்கப் போர் இல்லை, மனமாற்றம் இல்லை, தூண்கள் இல்லை. பல நூற்றாண்டுகள் அது வெறும் பெயர். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பழைய பிராமி எழுத்தைப் படித்தபோது கல்வெட்டுகளில் 'தேவனாம்பிரிய பியதசி' என்ற அரசனே தென்பட்டான். அவன் யார் என்று தெரியவில்லை. இலங்கையின் பாலி மொழி நூல்களில் பியதசி என்பது அசோகனின் பெயர் என்று இருப்பதை அங்கே பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் எடுத்துக் காட்டினார். 1915இல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டு அசோகன் என்ற பெயரையே தாங்கி வந்தது. அவனுடைய தூண் கல்வெட்டுகள் முடிசூடி 26, 27 ஆண்டுகள் ஆனவரை பேசுகின்றன. புராணத்தின் 36 ஆண்டுக் கணக்கு அதோடு முரண்படவில்லை.

இதைக் கொண்டு, பார்த்தீர்களா, புராணம் சொன்னதெல்லாம் உண்மை என்று கைதட்டவும் முடியாது. சாதவாகனர்களைப் புராணங்கள் ஆந்திரர் என்கின்றன. கௌதமிபுத்திர சாதகர்ணி, புலுமாவி, யக்ஞஸ்ரீ ஆகியோர் பட்டியலிலும் இருக்கிறார்கள், கல்வெட்டிலும் காசிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மரபு ஆண்ட காலம் ஒரு கணக்கில் 450 ஆண்டுக்கு மேல், இன்னொரு கணக்கில் 300 ஆண்டு. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. காசையும் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் எதை ஏற்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தமிழுக்கு வந்த பிறகு

தமிழில் இந்தச் சொல் மணிமேகலையிலேயே வந்துவிட்டது. சமயக் கணக்கரின் திறம் கேட்கச் செல்லும் மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒரு வைணவவாதியைச் சந்திக்கிறாள். அவன் 'கடல்வணன் புராணம்' ஓதியவன் என்று நூல் சொல்கிறது. பௌத்தக் காப்பியம் ஒன்று, வேறொரு சமயத்தின் நூலைக் குறிக்க இந்தச் சொல்லைக் கையாள்கிறது.

அதற்குப் பின் தமிழர்கள் அந்தச் சொல்லை ஒரே சமயத்துக்கு எழுதி வைத்துவிடவில்லை. சமணர்கள் மேருமந்தர புராணம் பாடினார்கள், ஸ்ரீபுராணத்தை மணிப்பிரவாள நடையில் எழுதினார்கள். உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடியபோது அதற்குச் சீறாப்புராணம் என்று பெயர் அமைந்தது. 'சீறா' என்பது வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் 'சீறத்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. மூன்று காண்டம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல். அரபு நாட்டைப் பாடும் இடத்தில் மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அது தமிழ்க் காப்பிய மரபு. அதைப் படித்த எவரும் புலவர் பொய் சொல்கிறார் என்று எண்ணவில்லை. புராணம் என்றால் பொய்க்கதை என்ற பொருள் அன்றைக்கு இருந்திருந்தால், தம் நபியின் வரலாற்றுக்கு ஒரு முஸ்லிம் புலவர் அந்தச் சொல்லை வைத்திருப்பாரா என்று நேயர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கோவாவில் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஏசுவின் வரலாற்றை மராத்தியில் பாடி 1616இல் அச்சிட்டபோதும் கிறிஸ்து புராணம் என்றே பெயர் பெற்றது.

எல்லாவற்றையும்விடப் பெரியபுராணம் இங்கே முக்கியம். திருத்தொண்டர் புராணம் என்பது சேக்கிழார் வைத்த பெயர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்தது. அது வளர்ந்த வழி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலில் சுந்தரர் பதினொரு பாடலில் அடியார் பெயர்களைச் சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஆளுக்கு ஒரு பாட்டு என்கிற அளவில் அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் கையில் அது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாகப் பெருகியது. பெயர்ப் பட்டியல் ஒன்று புராணமாவதைக் கண்முன்னே காண முடிகிற இடம் இது.

அதில் சிறுத்தொண்டர் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். இயற்பெயர் பரஞ்சோதியார். பல்லவர் படைத்தலைவர். அரசனுக்காக வாதாபியின் மேல் படையெடுத்து அந்நகரை அழித்து யானைகளும் பொருளும் கொண்டுவந்தவர் என்கிறார் சேக்கிழார். பல்லவர் வாதாபியைக் கைப்பற்றியது 642ஆம் ஆண்டு. கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது. வாதாபியிலேயே நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. போர் முடிந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்குப் பின் பாடிய புலவர் அந்தச் செய்தியைக் கைவிடாமல் காத்து வைத்திருக்கிறார். அதே சிறுத்தொண்டர் தம் மகன் சீராளனைக் கறி சமைத்து அடியவர் கோலத்தில் வந்த இறைவனுக்குப் படைத்தார் என்பதும், பிள்ளை ஓடி வந்தான் என்பதும் அடுத்து வருகிறது. முன்னது வரலாற்றாசிரியருக்குச் சான்று. பின்னது அடியவருக்கு நம்பிக்கை. சேக்கிழார் இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டும் என்று அவர் காலத்தில் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நந்தனார் கதை என்று ஊரறிந்த கதையில் ஒரு கொடிய நிலக்கிழார் வருகிறார். சிதம்பரம் போக அனுமதி மறுக்கிறார். திரைப்படத்திலும் கதாகாலட்சேபத்திலும் அவரைப் பார்த்தவர்கள் பெரியபுராணத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் அந்த மனிதரே இல்லை. அவரைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். 'புராணம் சொல்கிறது' என்று ஒருவர் சொன்னால், எந்தப் புராணம், யார் பாடியது என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

நீளத்தால் வந்த கெட்ட பெயர்

பிற்காலத்தில் ஊருக்கு ஊர் தலபுராணம் எழுந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒருவரே பல தலங்களுக்குப் பாடியிருக்கிறார். நாட்டுப் படலம், நகரப் படலம் என்று அச்சு மாறாமல் தொடங்கி, அந்தக் குளத்தில் மூழ்கியவர் பெற்ற பேறு, இந்த மரத்தடியில் தவம் செய்தவர் பெற்ற வரம் என்று நடக்கும். எவ்வளவு புலமை இருந்தாலும் பத்துத் தலபுராணத்தைத் தொடர்ந்து படிப்பது பொறுமைக்கு ஒரு சோதனைதான். "என்ன, தலபுராணம் பாடுகிறாய்?" என்ற வழக்கு சும்மா வரவில்லை. சுயபுராணம் என்பதும் அந்த வகையில் சேர்ந்ததே.

ஆனால் மர நிழலில் சில உண்மைகள் தூங்குகின்றன. உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணம் சிதம்பரத்தைத் தில்லைமரக் காடாகக் காட்டுகிறது. இன்றைக்குச் சிதம்பரம் நகருக்குள் தில்லை மரக் காடு கிடையாது. ஆனால் தில்லை என்பது கடலோரச் சதுப்பில் வளரும் மரம். சில மைல் தொலைவில் உள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் இப்போதும் நிற்கிறது. புலிக்கால் முனிவரைப் பற்றி மரத்திடம் சாட்சி கேட்க முடியாது. அந்த வட்டாரத்தின் பழைய நிலத்தோற்றத்தைப் பற்றிக் கேட்கலாம்.

பொய் என்ற பொருள் எப்போது வந்தது?

நீளம் என்ற குறை வேறு, பொய் என்ற குற்றச்சாட்டு வேறு. இரண்டாவது புதியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி வந்தது. நடந்ததை ஆண்டோடும் சான்றோடும் சொல்வது வரலாறு, மற்றவை 'மித்' என்று அந்தக் கல்வி பிரித்தது. அந்த ஆங்கிலச் சொல்லின் கதையும் வேடிக்கையானது. கிரேக்கத்தில் 'மித்தோஸ்' என்பது ஒரு காலத்தில் பேச்சு, சொல், கதை என்ற அளவில்தான் இருந்தது. தத்துவவாதிகள் கைப்பட்டுப் பிறகுதான் கட்டுக்கதையாகத் தாழ்ந்தது. தாழ்ந்த பின் வந்த அந்தச் சொல்லுக்குத் தமிழில் இணை தேடியவர்கள் கைக்கு எட்டிய 'புராண'த்தை எடுத்துக்கொண்டார்கள். மித்தோசுக்கு நேர்ந்த வீழ்ச்சி அப்படியே புராணத்தின் தலையிலும் விழுந்தது.

கிறிஸ்துவ சமயப் பிரசாரகர்கள் புராணங்களைத் தாக்கினார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனத்தில் எழுதி, மேடையில் பிரசங்கம் செய்து பதில் கொடுத்தார். 1925க்குப் பிறகு சுயமரியாதை இயக்கம் வேறு கோணத்திலிருந்து வந்தது. 'புராணப் புளுகு' என்ற தொடர் மேடைதோறும் ஒலித்தது. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தபோது இங்கும் அந்த விவாதம் சூடு பிடித்தது. சீர்திருத்தவாதிகளின் கோபம் அகராதிப் பொருளைப் பற்றியது அல்ல. ஒருவன் ஏன் தாழ்ந்தவன் என்று கேட்டால், புராணத்தில் அப்படி இருக்கிறது என்று பதில் சொல்லப்பட்ட காலம் அது. மனிதனைத் தாழ்த்துவதற்குச் சான்றாகக் கொண்டுவரப்பட்ட நூல் சான்றாகாது என்று நிறுவுவது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. வாதத்தின் வேகத்தில் சொல் அடிபட்டது.

திரைப்படம் அந்தப் பிரிவை உறுதியாக்கியது. புராணப் படம், சமூகப் படம் என்று சுவரொட்டியிலேயே பிரித்து எழுதினார்கள். புராணப் படம் என்றால் கிரீடம், பாட்டு, தந்திரக் காட்சி. 'பராசக்தி' (1952) போன்ற படங்கள் வந்த பிறகு, சமூகப் படம் என்றால் நம் வாழ்க்கை, புராணம் என்றால் நம் வாழ்க்கை அல்லாதது என்று இளைய தலைமுறைக்குப் பதிந்துவிட்டது.

தொன்மம் என்ற புதுச்சொல்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் ஆய்வாளர்கள் 'மித்' என்பதற்குத் தொன்மம் என்ற சொல்லை வழங்கலானார்கள். இது தேவையான சொல். ஒரு சமுதாயம் தன் தொடக்கத்தையும், உலகின் தொடக்கத்தையும், இறப்பையும் பற்றித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதை தொன்மம். அது பாட்டாகவும் இருக்கலாம், சடங்காகவும் இருக்கலாம், கோயில் சிற்பமாகவும் இருக்கலாம். புராணமோ ஓர் இலக்கிய வகை. சூரபத்மன் மாமரமானது தொன்மம். அதைக் கச்சியப்பர் பாடிய நூல் புராணம். சீறாப்புராணம் புராணமே, அதைத் தொன்மம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் எண்வகை வனப்புகளில் 'தொன்மை' ஒன்று. பழைய செய்தியை உரையோடு சேர்த்துச் சொல்லும் நூலை அது குறிக்கிறது. பேராசிரியர் தம் உரையில் பெருந்தேவனாரின் பாரதத்தோடு தகடூர் யாத்திரையையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார். தகடூர்ப் போர் அதியமானுக்கும் சேரனுக்கும் நடந்த போர். பாண்டவரையும் அதியமானையும் ஒரே தட்டில் வைத்தார் உரையாசிரியர். இன்றைய தொன்மம் அந்தத் தொன்மையிலிருந்து பெயரை வாங்கியிருக்கலாம், பொருளை வாங்கவில்லை.

மலாய் மொழியில் இதே சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. வரலாற்றுக்கு அங்கே 'செஜாரா' என்று பெயர். மரம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. கிளைவிட்டுப் பரவும் கொடிவழியைக் குறித்துப் பிறகு வரலாற்றைக் குறிக்கலாயிற்று. அமரகோசம் சொன்ன அரச மரபு மறுபடியும் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

செஜாரா மெலாயுவின் பழைய பிரதியொன்றின் முன்னுரை 1612ஆம் ஆண்டைச் சொல்கிறது. அதில் கெலிங் நாட்டு ராஜா சூரான் கங்கா நகரத்தை வென்று, தெமாசெக் வரை வந்து, கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்து கடலுக்கடியில் இறங்குகிறான். சில பிரதிகளில் அவன் பெயர் சூலான். அவன் வழித்தோன்றல் புக்கிட் செகுந்தாங்கில் தோன்றுகிறான். அவனே சிங்கத்தைக் கண்டு சிங்கபுரம் அமைக்கிறான். கண்ணாடிப் பெட்டி தொன்மம். ஆனால் சூலான் என்ற பெயருக்குப் பின்னால் சோழர் நினைவு இருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது 1025இல். அதைத் தஞ்சைக் கல்வெட்டு ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது.

சிங்கபுரத்தின் கதையையும் வெறும் கதை என்று நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சீன வணிகர் வாங் தாயுவான் 1349இல் எழுதிய நூல் இந்தத் தீவில் மக்கள் குடியிருந்ததைச் சொன்னது. 1984இல் ஃபோர்ட் கேனிங் மலையில் ஜான் மிக்சிக் அகழ்ந்தபோது 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. ராஃபிள்ஸ் 1819இல் வந்து இறங்குவதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது உறுதியாயிற்று. இந்தத் தீவில் புலி இருந்தது. சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை.